மாப்பிள்ளைக்குப் பத்தியம்

மார்ச் 4, செவ்வாய்

சேணத்தின் வயிற்று வாரைக் கடைசி ஓட்டையில்கூட இன்று மாட்ட முடியவில்லை. தங்கை ஒரு பக்கம் இழுத்தாள், நான் மறுபக்கம் இழுத்தேன். நடுவில் நின்றவர் எதையோ மென்றுகொண்டே, இரண்டு பெண்கள் தன் இடுப்பில் ஏன் இப்படித் தொங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். "வார் சுருங்கிடுச்சுக்கா" என்கிறாள் தங்கை. வெயிலும் மழையும் படாமல் ஆணியில் தொங்கிய தோல் வார். தானாகச் சுருங்கிவிட்டதாம்.

குதிரைக்கு அவள் வைத்த பெயர் என்னவோ இருக்கிறது. நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறேன். போன வருஷம் கல்யாணம் முறிந்து இவள் வந்தபோது வீடு, கார், சோபா எல்லாம் அந்த மனுஷனுக்குப் போயின. இவளுக்கு இரண்டு பெட்டியும் இந்தக் குட்டைக் குதிரையும். லாரியிலிருந்து இறங்கியது நேராக என் கார் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டது. ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே வருவது, வைத்ததையெல்லாம் தின்பது, தின்றுவிட்டுத் தூங்குவது. வேறு என்ன பெயர் வைப்பது?

பழைய மாப்பிள்ளைக்கு இவள் சமைத்த எதிலும் உப்பு சரியாக இருந்ததில்லை. அந்த விஷயத்தில் இவர் தங்கம்.

மார்ச் 6, வியாழன்

குதிரை டாக்டர் வந்தார். சின்னப் பெண். நான் வார்டனாக இருந்த விடுதியில் சேர வந்திருந்தால், துணைக்குப் பெரியவர்கள் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டிருப்பேன்.

"விலா எலும்பு கையில படுதா பாருங்கம்மா" என்றார். தேடினேன். மெத்தைக்குள் ஊசியைத் தேடுவதுபோல் இருந்தது. கழுத்தின் மேல் கொழுப்பு தலையணையாகக் கெட்டிப்பட்டிருக்கிறதாம். இன்னும் கொஞ்சம் விட்டால் குளம்புக்குள் வீக்கம் வந்து, நிற்கவே முடியாமல் போகுமாம். தங்கை அழ ஆரம்பித்தாள். எதற்கு அழுதாலும் இவளுக்கு மூக்குதான் முதலில் சிவக்கும்.

தானியமும் ரொட்டியும் இன்றோடு நிறுத்தம். காய்ந்த புல்லை எடை போட்டு, ஊறவைத்து, சர்க்கரைச் சத்து இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நாலு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். தினமும் நடை.

"எப்போ இறங்கும்?" என்றேன்.

"மாசக்கணக்கு ஆகும்மா. அவசரப்படாதீங்க. முக்கியமா பட்டினி போட்டுடாதீங்க. இந்த மாதிரி குண்டுக் குதிரைக்குத்தான் பட்டினி ஆபத்து. உடம்புல இருக்கற கொழுப்பெல்லாம் ஒரேயடியா ரத்தத்துல இறங்கிடும்."

தலையாட்டினேன். கண்டிப்பு கூடாது என்று சொல்லும் சின்ன வயசு டாக்டர்களை விடுதியிலும் நிறையப் பார்த்தாயிற்று.

மார்ச் 7

பொறுப்பை எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, அதற்காகக் காத்திருந்தால் எந்தக் காரியம் நடக்கும்? ஆயுள் முழுக்கப் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள் நான். சமையலறையிலிருந்து ஒரு முட்டை வெளியே போனால் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அதட்ட ஆள் இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது என்று தங்கை நினைக்கிறாள். சொல்லவில்லை. முகத்தில் எழுதியிருக்கிறது.

இடுப்பளவு எடுக்கப் பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன். ஒரு நாடா போதவில்லை, இரண்டை முடிந்தார். "இந்த அளவுக்கு நான் சட்டையே தெச்சதில்லம்மா. துணி நீங்கதான் வாங்கித் தரணும்" என்றார். மாப்பிள்ளை அவர் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டுச் சோதனை போட்டார்.

மார்ச் 12

விடிந்ததிலிருந்து கனைப்பு. தெருவே எழுந்துவிட்டது. நான் அசையவில்லை.

மார்ச் 19, புதன்

அளவு ஒரு நூல்கூட இறங்கவில்லை. எடை போட்டது நான், ஊறவைத்தது நான், வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டதும் நான். அப்படியானால்? கொட்டகைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மத்தியானம் தங்கை வந்தாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து ரொட்டி ரொட்டியாக வெளியே வருகிறது! கையும் களவுமாகப் பிடித்தேன்.

"பாவம்க்கா. என்னையே பாக்குது."

"அது உன்னைப் பாக்கல. உன் கையைப் பாக்குது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்படித்தான் கேட்டதெல்லாம் ஊட்டி ஊட்டி அந்த ஆளையும் கெடுத்தே. கடைசியில என்ன ஆச்சு?" என்றும் சொன்னேன்.

மூக்கு சிவக்கவில்லை. ரொட்டித் துணுக்குகளை உதறிவிட்டு உள்ளே போனாள்.

உண்மையைத்தானே சொன்னேன்?

தீனி அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்பில். நடைக்கும் இவள் தெருவுக்கு வரமாட்டேன் என்கிறாள். யாராவது "வீட்டுக்காரர் எங்கே" என்று கேட்டுவிடுவார்களாம். வந்ததிலிருந்து வாசல் கதவைத் தாண்டவில்லை. நான் கயிற்றைப் பிடித்தால் மாப்பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு போகிறார். அதனால் அவளும் அவரும் கொல்லையில் செக்கு மாடு மாதிரிச் சுற்றுகிறார்கள். ஒருத்தி அழுமூஞ்சி, ஒருத்தர் உப்பின மூஞ்சி. நல்ல ஜோடி.

மார்ச் 23

மாதக் கடைசியில் டாக்டர் அளவு பார்க்க வருகிறார். இந்த வேகத்தில் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. புல்லைப் பாதியாக்கிவிட்டேன். டாக்டர் சொன்ன அளவு பொதுவாக எல்லாருக்கும் சொல்வது. வாயைக் கட்டத் தெரியாத எல்லாருக்கும்.

"தீனி கம்மியா தெரியுதேக்கா?" என்றாள்.

"ஊறினா அப்படித்தான் அமுங்கித் தெரியும்" என்றேன்.

மார்ச் 25

நாடாவில் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது! தையல்காரரே வாயைப் பிளந்தார். மாசக்கணக்காம், மாசக்கணக்கு.

மார்ச் 27

இன்று கனைக்கவே இல்லை. கட்டுப்பாடு வந்துவிட்டது. விடுதியிலும் இப்படித்தான், முதல் இரண்டு வாரம் கத்துவார்கள், அப்புறம் வழிக்கு வந்துவிடுவார்கள்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் புல்லை மாட்டினால் திரும்பியே பார்க்கல. தலை தரையைத் தொடுது. காதைத் தொட்டேன், அசைக்கல. நான் ஏதோ தூக்கம்னு நினைச்சேன் — தூக்கமா அது?

தங்கைதான் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் ரத்தம் எடுத்துக் குழாயை நிமிர்த்தி வைத்தார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு கீழே இறங்க, மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் பால் மாதிரி நின்றது. வெள்ளைப் பால். "கொழுப்பு" என்று டாக்டர் அதை எங்கள் இருவருக்கும் காட்டினார்.

"எவ்வளவு புல் போட்டீங்க?"

"நீங்க சொன்னதுதான்" என்றேன்.

அவர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "அம்மா, நிஜத்தைச் சொன்னாத்தான் மருந்து அளவு போட முடியும்."

"பாதி" என்றேன்.

தங்கை கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தேன். வேறென்ன செய்ய?

இப்போது அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டுமாம். குண்டு என்று ஒரு ரொட்டித் துண்டுக்குக் காவல் இருந்தேன், இன்றைக்கு மூக்கில் குழாய் விட்டுச் சர்க்கரையை ஊற்ற வேண்டும். கொண்டுவந்த குளுக்கோஸ் போதாது, இன்னும் வாங்கி வாருங்கள் என்றார் டாக்டர். நான் செருப்பைத் தேடுவதற்குள் தங்கை வெளியே போய்விட்டாள். வெறுங்காலோடு, தலைகூட வாராமல், கடைத்தெரு வழியாக மருந்துக் கடைவரை ஓட்டம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவனும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது.

மார்ச் 29

உயிரோடு இருக்கிறது. தங்கை கொட்டகையிலேயே இருக்கிறாள். என்னோடு பேசவில்லை.

மார்ச் 31

இன்று ஒரு பிடி புல்லைத் தானாகத் தின்றது. டாக்டர் கண்ணை மூடித் திறந்து, "பொழச்சுது" என்றார். என் பக்கம் திரும்பித் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லத் தயாராக இருந்தேன்.

சாயங்காலம் தங்கை வந்து சமையலறை வாசலில் நின்றாள். "இனிமே இத நான் பாத்துக்கறேன். டாக்டர் சொன்ன அளவு, ரொட்டி கிடையாது, சத்தியம். நீ தொடாதே."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

"தெரியும்க்கா. நான் வந்ததுலேர்ந்து எனக்கும் நல்லதுக்குத்தான் அளந்து அளந்து போடறே."

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு என்னடி குறை வெச்சேன்? ரெண்டாவது தடவை வேணுமான்னு கேக்காம இருந்திருக்கேனா?"

"சோத்தைச் சொல்லல" என்றாள்.

தட்டுகளைக் கழுவினேன். கழுவிய தட்டுகளையே மறுபடியும் கழுவினேன்.

ஏப்ரல் 2

சோத்தைச் சொல்லவில்லை என்றால் எதைச் சொன்னாள்? தெரியாத மாதிரி எழுதுகிறேன் பார். யார் படிக்கப்போகிறார்கள் இதை?

ஏப்ரல் 21, திங்கள்

தங்கை மாப்பிள்ளையைத் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். முதல் நாள் தெருமுனைவரை. இன்று மூன்றாம் நாள், கடைத்தெரு. பின்னால் போகக் கூடாது என்று தெரியும். போனேன்.

தையல்காரர் மனைவி கடை வாசலில் மடக்கினாள். தலைமுதல் கால்வரை இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அத்தனை மாதம் தேக்கிவைத்த கேள்வியைக் கேட்டேவிட்டாள். "குதிரை வந்திருக்கு, சரி. வீட்டுக்காரர் எங்க?"

"அவரா? எடை குறைக்கணும்னு முடிவு பண்ணப்போ முதல்ல குறைச்சது அவரைத்தான்" என்றாள் தங்கை.

கடைக்குள்ளிருந்து தையல்காரர் சிரித்த சிரிப்பில் தையல் எந்திரமே நின்றுவிட்டது. நான் கம்பத்துக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த வீட்டில் நக்கலுக்கு நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதுவும் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எரிச்சல்.

மே 16

டாக்டர் அளந்தார். கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. "அருமையா போகுது. இதே வேகம்" என்று தங்கையின் தோளைத் தட்டினார். என் இரண்டு விரலுக்கு யாரும் தோளைத் தட்டவில்லை. நியாயம்தான்.

ஜூன் 30

புல் ஊறும் தொட்டியைக் கழுவிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சரி, ஆனா புல்லுல கை வெக்காதே" என்றாள். தொட்டி கழுவுகிறேன். வார்டனாக இருந்தவள். ஒழுங்காகக் கழுவவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். அதில் ஒரு தடவை வேண்டுமென்றே.

ஜூலை 24

விலா எலும்பு கையில் படுகிறது! "இங்க தொட்டுப் பாருக்கா" என்று என் கையைப் பிடித்து அவளே வைத்தாள். தோலுக்கடியில் வரிசையாக, சன்னமாக. சேணம் மாட்டினோம். நான் இழுக்கவேண்டிய வேலையே இல்லை. கொல்லையில் ஏறி ஒரு சுற்று வந்தாள். எனக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. "முதுகை நிமிர்த்தி உக்காரு" என்றேன். எனக்கு வாய்த்த வாய் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சவாரிப் பள்ளி. டாக்டர்தான் அங்கேயும் பார்க்கிறார். மேய்ந்து மேய்ந்து மாப்பிள்ளை மாதிரி உருண்டையாகக் கொழுத்துப்போன குதிரைகள் சில அங்கே இருக்கின்றனவாம். அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பொறுமையான ஆள் வேண்டும். தங்குமிடம் உண்டு, மாப்பிள்ளைக்கும் இடம் உண்டு. தங்கை என்னிடம் "போகட்டுமா" என்று கேட்கவில்லை. "போறேன்க்கா" என்றாள்.

தனியாக எப்படி இருப்பாய், மழை வந்தால், காய்ச்சல் வந்தால், அந்த ஆள் தேடி வந்தால் — எல்லாம் வாய்வரை வந்தது.

"எப்போ?" என்று மட்டும் கேட்டேன்.

செப்டம்பர் 5

கொட்டகையைப் பெருக்கினேன். இவ்வளவு பெரிய இடமா இது?

செப்டம்பர் 26, வெள்ளி

தங்கை போன் செய்தாள். பின்னால் ஒரே கனைப்பு. அதில் எது நம்முடையது என்று கேட்டேன். "அது கத்தல, வேலையில இருக்கு" என்றாள். பள்ளிப் பிள்ளைகள் அதன் மேல் ஏறிச் சவாரி பழகுகிறார்களாம். மற்ற குண்டர்களும் மெதுவாக இறங்குகிறார்களாம். அவள் பேசப் பேச, நடுவில் யாரோ வந்து எவ்வளவு புல் என்று கேட்டார்கள். அளவைச் சொன்னாள். குரலை உயர்த்தவேயில்லை, கேட்டவர் சரி என்று போய்விட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்றேன்.

"ஞாயிறு வேண்டாம்க்கா, அன்னிக்குக் கூட்டமா இருக்கும், உன்னைக் கவனிக்க முடியாது. செவ்வாய்க்கிழமை வா."

நான் ஞாயிறு என்றால் ஞாயிறுதான் என்று இருந்த காலம் ஒன்று உண்டு.

"சரி" என்றேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அதை அவள் ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தாள்.