அப்பா கேட்ட படிவம்

ஜூலை 11, வெள்ளி. எர்லாங்கன், ஜெர்மனி.

உடல் தானம் செய்தவர்களுக்கு எங்கள் உடற்கூற்றியல் துறை ஆண்டுதோறும் நடத்தும் அஞ்சலிக்கு இன்று அப்பாவையும் கூட்டிப்போனேன். ஒவ்வொரு பெயராக வாசித்து மெழுகுதிரி ஏற்றினோம். அதுவரை எங்களுக்கு அவர்கள் வெறும் எண்கள்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்: "பிள்ளை, நானும் எழுதிக் குடுக்கப்போறன். படிவம் ஒண்டு எடுத்துத் தா."

"அப்ப கொள்ளி வைக்கிறது ஆர், அப்பா?"

"உன்னைப் படிப்பிச்சது உடம்பைக் குடுத்த அந்தச் சனம்தானே. என்ர பங்குக்கு நானும் குடுக்கிறன்."

"படிவம் முடிஞ்சுது" என்று பொய் சொன்னேன்.

"சரி, வந்த உடனே கொண்டு வா."

என் மேசை இழுப்பறையில் ஒரு கட்டே கிடக்கிறது. முதல் நாள் உடலைத் தொடத் தயங்கும் மாணவர்களிடம், "இது அவர்கள் விரும்பித் தந்தது, பயப்படாதீர்கள்" என்று சொல்லிக் கத்தியைக் கொடுப்பவள் நான்தான்.