பத்திரக்காரர் எடுத்த வகுப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடி, பிறகு எங்கேயோ போய்விட்டது. சங்கராபுரத்தில் பஸ் ஏறி கள்ளக்குறிச்சி வரை நின்றுகொண்டே பயணம்.

மூன்றாம் ஆண்டு, இரண்டாவது பீரியட். ஆய்வு எழுத்துக்கும் அலுவலக எழுத்துக்கும் உள்ள வேறுபாடு. பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஆய்வு: சான்று, மேற்கோள், எதிர்க்கருத்துக்கும் இடம், அவசரப்பட்டு முடிவு சொல்லாமை. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. வலப்பக்கம் அலுவலகம்: சுருக்கம். தெளிவு. அப்புறம்? நான்கு வரியோடு நின்றுவிட்டேன். வேலைக்கு விண்ணப்பம் போட்டதைத் தவிர வேறு என்ன எழுதியிருக்கிறேன் நான்.

ஸ்டாஃப் ரூமில் எச்.ஓ.டி. மேடம்: "செல்வி, உங்க வூட்டுக்காரர் பத்திரம் எழுதுறவருதானே? ஒரு மணி நேரம் வந்து பசங்களுக்குப் பேசச் சொல்லுங்களேன்."

சிரித்து மழுப்பினேன். பன்னிரண்டாவதோடு நின்றவர் அவர். நான் முனைவர்.

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, பினாயில், சிவப்புப் பேனா இரண்டு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாட்டேன் என்பார் என்ற நம்பிக்கையில் அவரிடம் சொன்னேன். "நான் போயி இன்னா பேசறது?" என்றார். சாப்பிட்டு முடிப்பதற்குள், "எந்தக் கிழமை?"

ஆகஸ்ட் 8, வெள்ளி

வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. நான் கடைசி பெஞ்சில்.

"உங்க மேடம் எழுதச் சொல்றதுல சந்தேகம் இருக்கலாம். இருக்கணும் கூட. அதப் படிச்சிட்டு இன்னொருத்தர் பதில் எழுதுவாரு. நான் எழுதறதுல சந்தேகம் வந்தா அண்ணன் தம்பி அடிச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போவான்."

வகுப்பே சிரித்தது. பிறகு பலகையில் ஒரு வரி: 'கிணறு தென்னைமரம் நீங்கலாக'. "இப்ப சொல்லுங்க. கிணறு வாங்கினவனுக்கா, வித்தவனுக்கா?" பத்து நிமிடம் சண்டை. எழுந்து நின்று சண்டை! பன்னிரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் ஒருவரும் ஒரு வரிக்காக எழுந்து நின்றதில்லை.

நாகம்மாள் கேள்வி கேட்டாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர், கல்வராயன் மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். இரண்டு வருடத்தில் என்னிடம் பேசியது 'உள்ளேன் மேடம்' மட்டும்.

"சார், பட்டா இல்லாத எடத்துக்கு நாலு எல்லை எப்படி சார் எழுதறது?"

சாக்பீஸைக் கீழே வைத்தார். "எழுதலாம்மா. பதிவு பண்ணத்தான் முடியாது. எழுதறத யாரும் தடுக்க முடியாது."

கைதட்டல். நானும் தட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை. அதற்கும் கோபம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். தலைவலி.

வராந்தாவில் கேட்டது: "பத்திரக்காரர் சார் மறுபடி எப்ப வருவாரு?" "மேடம் கிளாஸ்ல தூக்கம் வருதுடி." நான் பின்னால் வருவது தெரியாது.

சாயங்காலம் அவர் போனில் பேசிக்கொண்டே இருந்தார். யாரென்று கேட்டேன்.

"அந்த மலைப் பொண்ணு. கட்டுரை எழுதுதாம். கடுக்கா பொறுக்கறவங்களப் பத்தி."

"அந்தக் கட்டுரைக்கு வழிகாட்டி நான்."

"தெரியும். உன்கிட்ட கேட்க பயமா இருக்காம்."

சொல்லிவிட்டு டிவி போட்டார். முந்நூற்றுப் பத்துப் பக்கம் என் ஆய்வேடு. அவருக்குத்தான் சமர்ப்பணம். அந்தச் சமர்ப்பணப் பக்கத்தைத் தாண்டி அவர் புரட்டியதில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கட்டுரைகள் திருத்தினேன். முப்பத்தெட்டு. பெரும்பாலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை. தாராளமாகவே போட்டேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு.

நாகம்மாள் கட்டுரை கடைசியில். முதல் வரியே: 'எங்கள் ஊருக்கு வடக்கே ஓடை, கிழக்கே காப்புக்காடு, தெற்கே மாரியம்மன் கோயில் பாதை, மேற்கே சரிவு.' பத்திரம்! அவர் குரல் அப்படியே. இரண்டாம் பக்கத்துக்கு மேல் நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. சிவப்புப் பேனாவில் 'இது ஆய்வுக் கட்டுரை அல்ல.' இருபத்தைந்துக்கு ஒன்பது. மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பியும் விட்டேன்.

மனசு லேசாக இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். டீ கூட நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

நாகம்மாள் ஸ்டாஃப் ரூம் வாசலில். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள். இங்கே யாரும் விடுவதில்லை.

"மேடம், எங்க தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிறேன்."

"மேற்கோளே இல்லையே."

"எங்க ஊரப் பத்தி யாரும் எழுதல மேடம். தேடிப் பார்த்தேன். யாரைக் காட்டறது?"

மணி அடித்தது. நல்லவேளை. வகுப்பு இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். வகுப்பு இல்லை. நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

அதே நாள், சாயங்காலம்

கட்டுரையை வீட்டுக்கு எடுத்து வந்து முழுக்கப் படித்தேன். பதினான்கு வீடு ஏறி இறங்கியிருக்கிறாள். யார், எத்தனை வயது, எந்தக் காட்டுக்கு எந்த மாதம் போகிறார்கள், எல்லாம் பெயரோடு. அது அவர் சொல்லித் தந்ததாக இருக்கலாம். ஆனால் ஐந்தாம் பக்கம். மழை குறைந்ததால் கடுக்காய் குறைந்தது என்கிறார் ஒருவர். இல்லை, பொறுக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். இருவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இதில் எது சரி என்று சொல்ல என்னிடம் போதிய சான்று இல்லை' என்று எழுதியிருக்கிறாள்.

அது அவர் இல்லை. அது என் பலகையின் இடப்பக்கம்.

கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு வருடமும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அவரிடம் கேட்டேன், நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா என்று. "ஒரு வரி கூட இல்ல. யாரு, எங்க, எப்பன்னு கேட்டுக்கினே இருந்தேன். அவ்ளோதான். ஏன், எவ்ளோ போட்ட?"

சொன்னேன்.

தட்டில் பாதி இட்லி. கை கழுவ எழுந்துவிட்டார். "நான் வந்ததனாலயா?"

மீதி இட்லியை மூடி வைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதிப்பெண்ணை மாற்ற முடியுமா என்று எச்.ஓ.டி.யிடம் கேட்டேன். "ஏத்தியாச்சே. மாத்தணும்னா காரணத்தோட எழுத்துல குடுங்க. நான் மேல அனுப்பணும்." கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். வருடா வருடம் நீட்டிக்கிற வேலை என்னுடையது. நீட்டிப்புக் கோப்பும் அவர் கையெழுத்தில்தான் போகும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

துணி துவைத்தேன். ரேஷன் கடை மூடியிருந்தது. கடிதம்.

முதல் தாள்: 'மதிப்பீட்டின்போது சில குறைபாடுகள் நேர்ந்திருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது.' கிழித்தேன். யார் கருதுகிறார்களாம்.

இரண்டாவது தாளில் மதிப்பீட்டு முறைகள் பற்றி ஒரு பக்கம். அதையும் கிழித்தேன்.

அவர் கூடத்தில்தான் இருந்தார். கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் எழுதித் தந்திருப்பார். கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

ஐந்தாவது தாள்: 'மாணவி நாகம்மாளின் கட்டுரைக்கு நான் ஒன்பது மதிப்பெண் போட்டேன். அதற்குத் தகுந்தது இருபத்திரண்டு. நான் கட்டுரையை முழுவதும் படிக்காமல் திருத்தினேன். தவறு என்னுடையது. திருத்தி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.'

ஏன் படிக்கவில்லை என்பதை எழுதவில்லை. அது இந்த நோட்டுக்கு.

ஆகஸ்ட் 25, திங்கள்

நல்ல மழை. குடை இருந்தும் பாதி நனைந்து போனேன்.

எச்.ஓ.டி. இரண்டு முறை படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். முந்தானை ஈரத்தைப் பிழியக்கூடத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டார். "அனுப்பிடலாம். இனிமே பார்த்துச் செய்யுங்க."

அப்புறம் சிரித்துக்கொண்டே, "லெட்டர் நறுக்குன்னு இருக்குது செல்வி. உங்க வூட்டுக்காரர் எழுதிக் குடுத்தாரா?"

"நான்தான் மேடம் எழுதினேன்" என்றேன். அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.