தலை மாற்றி அடுக்கிய குச்சிகள்

கரம்பொன்
14.9.1986

தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. என் லோசனி இந்தியாவில் சுகமாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள் என்று அறிந்து ஆறுதல். விடியமுன் நாலு மணிக்கே அகதி முகாம் வாசலில் வான் வந்து ஏற்றுமென்றும் எழுதியிருக்கிறாய். அது எந்தப் பள்ளிக்கூடமடி?

நேற்று ஊர்காவற்றுறையில் ஒரு நெருப்புப்பெட்டி வாங்கினேன். "இந்தியச் சாமான் அக்கா, வள்ளத்தில வந்தது" என்றார் கடைக்காரர். வீட்டில் திறந்து பார்த்தேன். பாதிக் குச்சிகளின் தலை இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

உனக்கு ஞாபகமிருக்கும். நெருப்பென்றால் நடுங்குகிற பிள்ளை அவள். "தலையள் முட்டினா எரிஞ்சிடும் அம்மா" என்று ஒவ்வொரு பெட்டியையும் கொட்டி இப்படித்தான் மாற்றி அடுக்குவாள். ஒன்பது வயதாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இந்தப் பெட்டியை அடுக்கியது வேறு யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம். இருந்தும் அதில் ஒரு குச்சியைக்கூட உரச எனக்குக் கை வரவில்லை. அயல்வீட்டில் தணல் வாங்கித்தான் அடுப்பு மூட்டினேன்.

குண்டுக்குப் பயந்துதான் அவளை உன்னோடு வள்ளம் ஏற்றினேன். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தமுறையும் அவளுடைய கடிதம் உன் கையெழுத்தில்தான் வந்திருக்கிறது. அவளுக்கு எழுத ஏலாவிட்டால் பரவாயில்லை. விரல்களை மையில் தோய்த்து ஒரு தாளில் பதித்து அனுப்பு.

பத்து விரலும் வேண்டும்.

அக்கா