பூட்டுப் படம்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல மூடி வெச்சிருக்கேன். அடுப்படிக் குழாயைச் சரிபண்ண ஆள் பன்னிரண்டு மணிக்கு வருவார். வீட்டுலயே இருங்க.

நம்ம மூக்குக்கண்ணாடிக் கடை வெப்சைட்ல லாகின் பண்ணும்போதெல்லாம் 'பாதுகாப்பு இல்லை'ன்னு பிரவுசர் ஆறு மாசமா சொல்லுச்சு. "அது சும்மா மிரட்டும், நீ பாஸ்வேர்டைப் போட்டுட்டுப் போ"ன்னீங்க. நேத்து கம்ப்யூட்டர்காரர் வந்து, மேல வெப்சைட் பேருக்குப் பக்கத்துல பூட்டுப் படம் வர்ற மாதிரி மாத்திக் குடுத்தார். இத்தனை நாளா நாம அடிச்சதெல்லாம் ஒட்டாத கவர்ல போன கடிதாசி மாதிரியாம், வழியில யார் வேணாலும் படிச்சிருக்கலாமாம். அதனால பாஸ்வேர்டை மாத்திட்டேன்.

புதுசை இங்க எழுத மாட்டேன். ஃபிரிட்ஜ்ல ஒட்டுற சீட்டும் பூட்டில்லாத பக்கம்தானே, குழாய்க்காரர் கண்ணுல படும். உங்களுக்கு மட்டும் புரியற மாதிரி சொல்றேன்: ஸ்டாக் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு நீங்க கடைப்பக்கமே போகாத தேதி. எட்டு இலக்கம்.

சோறு ஆறியிருந்தா சூடு பண்ணிக்குங்க.

இன்னொண்ணு. மூணு தடவை தப்பாப் போட்டா லாகின் பூட்டிக்கும். அப்படிப் பூட்டிக்கிச்சுன்னா, அந்த மாதிரி நாள் ஒண்ணு மட்டும் இல்லன்னு நான் புரிஞ்சுக்குவேன்.