மேசைக்கு வரும் போத்தில்

மே 6
கிளிபோட் தன் கலியாண வரவேற்புக்கு மண்டபம் பதிந்துவிட்டான். மேசைக்கு மேசை போத்திலாம். ஐஸ் வாளி, மத்தாப்பு, கொண்டுவந்து வைக்க இரண்டு பெண்கள்.

"நான் வேலை செய்யிற கிளப்பிலை மாதிரியே, அம்மா. இந்தப் பழக்கம் பாரிஸ், நியூயோர்க், மயாமி எண்டு சுத்தி இஞ்சை கிங் வீதிக்கு வந்தது. உண்மையிலை விக்கிறது மேசையை. போத்தில் வெறும் சாட்டு."

இவர் குடியை விட்டு ஏழு மாதம். மகன் அதை மறந்துவிட்டானா?

மே 9
நித்திரை இல்லை.

மே 13
முந்தி எங்கள் ஆட்கள் குடிப்பது மண்டபத்துக்கு வெளியே, யாராவது ஒருவரின் கார் ட்ரங்கைத் திறந்துவைத்து. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இவர் எழுந்தால் நானும் எழும்பிவிடுவேன். இப்போது போத்தில் இவர் முன்னாலேயே வந்து உட்காரப்போகிறது. நான் எதைக் காவல் காப்பது?

அப்பாவின் மேசைக்கு மட்டும் வேண்டாமே என்று கிளிபோட்டிடம் கேட்டேன்.

"அப்ப எல்லாருக்கும் விளங்கிடும். அவருக்குத்தான் வெக்கம்."

அவன் சொல்வது சரி. அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

ஜூன் 14
நாளைக்கு வரவேற்பு. இவர் கோட்டைப் போட்டுப் பார்த்து, "வடிவா இருக்கோ?" என்றார். ஓம் என்றேன். ஆராவது ஊத்திக் குடுத்தா? அவர் வாங்கிட்டா? மாதாவே, நாளைக்கு ஒரு நாள் மட்டும்.

ஜூன் 16
குடிக்கவில்லை! மத்தாப்பு எரிய எரிய அந்தப் பெண் போத்திலை வைத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் இருந்த இரத்தினவேல் அண்ணை ஊற்றிக் கொடுத்த கிளாஸை இவர் மெல்லத் தள்ளி வைத்தார். கடைசிவரை ஜிஞ்சர் ஏல் சோடாதான். நான் ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்கவில்லை.

ஜூன் 25
படங்கள் வந்தன. இருவரும் சோபாவில் இருந்து பார்த்தோம். கேக் வெட்டும்போது, மருமகள் மெலனி ஆடும்போது, கிளிபோட் அழுதுகொண்டு எங்களுக்கு நன்றி சொல்லும்போது — எல்லாவற்றிலும் நான் இவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், பொலிஸ்காரி மாதிரி. என் பிள்ளை அழுதானா? எனக்குத் தெரியவே தெரியாது.

இவர் எழுந்தார். குடியை விட்டவர்கள் கூடும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வெளிக்கிட்டவர், வாசலில் நின்றார்.

"இஞ்சரும். பக்கத்து அறையிலை குடிச்ச ஆக்களின்ரை குடும்பத்துக்கும் ஒரு கூட்டம் நடக்குது. நீரும் வாருமன்."

எனக்கு என்ன வருத்தம், நானா குடித்தேன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன்.