எந்தக் கை

விழிஞ்ஞம்
11 பிப்ரவரி 1996

ஷைனியின் அப்பாவுக்கு மெற்றில்டா எழுதுவது.

மாதாவின் புண்ணியத்தில் நான், ஷைனி, ஆடு, அது போட்ட இரண்டு குட்டிகள், எல்லோரும் சுகம். பஹ்ரைனில் நீங்களும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று செவ்வாய்தோறும் மெழுகுவர்த்தி வைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படகில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். ரூமுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள். இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் ஒரு காரியம் செய்துவிட்டேன். மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று. போன் பூத்துக்கும் போனேன். எனக்குப் பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல சேதி. ஷைனி கணக்கில் எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். உங்கள் தலையும் இல்லை, என் தலையும் இல்லை, ஆஸ்பத்திரியில் பிள்ளையை மாற்றிவிட்டார்களோ என்று கேட்டேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஓட்டுக்கூரையில் ஒழுகின இடத்தை மாற்றியாயிற்று. மத்தி இந்த வாரம் கொள்ளை மலிவு, பூனைகூட முகம் திருப்புகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கோவளத்தில் பழம் விற்கும் பெண்களுக்கு அட்டை கொடுக்கப் போகிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். அட்டை இல்லாதவள் இனி மணலில் கூடை இறக்க முடியாது. மார்ச் நாலாம் தேதி ஆபீஸ்காரர்கள் வந்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள். பேரென்ன, எத்தனை பிள்ளை, நேற்று என்ன விற்றாய், வீட்டுக்காரர் என்ன செய்கிறார். சரியாகச் சொன்னால் அட்டை, முழித்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு. அதற்காகத்தான் மத்தியானம் மூன்று மணிக்குக் கோயில் ஹாலில் ஷைலஜா டீச்சர் கிளாஸ் எடுக்கிறாள். வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்கார சாயிப்பும் மதாம்மாவும் ஹோட்டலுக்குள் ஒளிந்துகொள்கிற நேரம், எங்களுக்கும் வேலை இல்லை.

மூன்றாம் வகுப்போடு சிலேட்டை உடைத்தவள் நான், உங்களுக்குத் தெரியும். நாற்பத்தாறு வயதில் பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது. டீச்சர் போர்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் இன்றைக்கு, அந்தப் பக்கம் நேற்றைக்கு என்று எழுதுவாள். போகிறேன் என்பதற்கு ஒரு சொல். போனேன் என்பதற்கு ஜாடையே இல்லாத இன்னொரு சொல். தாய் ஒரு நிறம், பிள்ளை ஒரு நிறம். "டீச்சரே, இந்தச் சொல்லோட அப்பன் யாருன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டேன். டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிக்க வைத்தாலே எனக்குப் பாதி பாடம் படித்த மாதிரி.

பிரிஜித்தும் என்னோடுதான் வந்தாள். பதினாறு வருஷமாய் ஒரே இடத்தில் கூடை இறக்குகிறவர்கள், கிளாஸில் மட்டும் பிரிந்தா உட்காருவோம்? பாவம், அவளுக்குப் பாடம் ஏறவே இல்லை. என்ன கேட்டாலும் எஸ் என்பாள். உனக்கு மூன்று பிள்ளையா, எஸ். முப்பது பிள்ளையா, எஸ். "நல்லவேளை டீ, உன்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்க இங்கிலீஷ்ல கேக்கல, கேட்டிருந்தா கரை முழுக்க உனக்கு மாப்பிள்ளை" என்று சொன்னேன். ஹாலே அதிர்ந்தது. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தினமும் ஏதாவது சொல்லுவேன், தினமும் சிரிப்பாள்.

இந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. படகில் வலை இழுக்கிற யந்திரத்துக் கயிற்றில் மாட்டி சிலுவதாசண்ணனின் இரண்டு விரல் போய்விட்டது, அவன் பெண்டாட்டி பிரிஜித்திடம் மூச்சு விடாதே, புண் ஆறினதும் அவனே எழுதுவான் என்று எழுதியிருந்தீர்கள். மெற்றில்டாவிடம் போய் இதைச் சொல்லிவிட்டோமே என்று அங்கே நீங்கள் நகம் கடித்திருப்பீர்கள். ஆனால் சொல்லவில்லை. இருபத்துமூன்று நாள் சொல்லவில்லை. அவளோடு ஒரே சட்டியில் மரவள்ளிக்கிழங்கு தின்றேன், சொல்லவில்லை.

நடுவில் ஒரு நாள் அவள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அண்ணன் எழுதினதாக அவர் பேர் போட்டு வந்தது. "எழுத்து அவரோடது மாதிரி இல்லியே, பாரேன்" என்றாள். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வரி வரியாக மேலே ஏறிப்போகிற எழுத்து உங்களுடையதுதானே, எத்தனை வருஷமாய்ப் படிக்கிறேன். ஆனால் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டா பேசுகிறது? "ஏதாவது நர்ஸம்மா கையைப் பிடிச்சிக்கிட்டிருப்பா டீ, விட்டாத்தானே எழுதுவாரு" என்றேன். அவள் என் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டுக் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். கை என்று நான் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். அந்தச் சொல்லை அன்றே நாக்கோடு சேர்த்துக் கடித்துத் துப்பியிருக்க வேண்டும்.

போன புதன்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

கிளாஸ் தொடங்கும்போது ஒவ்வொருத்தியும் எழுந்து, நடந்து முடிந்ததைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒன்றையேதான் சொல்லுவார்கள். நேற்று அன்னாசி விற்றேன், நேற்று மீன் சமைத்தேன், நேற்று தூங்கினேன். நான் மட்டும் நேற்று ஒரு சாயிப்போடு நடனம் ஆடினேன் என்பேன், நேற்று என் ஆடு பஸ்ஸில் பாறசாலைக்குப் போனது என்பேன். கைதட்டுவார்கள். அன்றைக்கு டீச்சர், "மெற்றில்டா சேச்சி, பொய் போதும். இன்னைக்கு உண்மையா நடந்தது ஒண்ணு சொல்லுங்க. எங்க யாருக்கும் தெரியாததா இருக்கணும்" என்றாள். தப்பில்லாமல் சொன்னால் போர்டில் என் பேருக்கு நேரே நட்சத்திரம் போடுவதாகவும் சொன்னாள்.

எழுந்து நின்றேன். யாருக்கும் தெரியாத உண்மை என்று என் தலைக்குள் அந்த ஒன்றுதான் இருந்தது. வேண்டாம் என்று ஒதுக்கினேன், திரும்ப அதுவே வந்து நின்றது. அதிலும் வெட்டுவதற்கு உள்ள இங்கிலீஷ் சொல் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். நாள் முழுக்க மதாம்மாக்களிடம் பழத்தை நீட்டி, வெட்டட்டுமா வெட்டட்டுமா என்று கேட்கிறவள்தானே. தப்பே வராது என்று தெரிந்தது. சொல்லிவிட்டேன். போன மாதம் பஹ்ரைனில் கயிறு சிலுவதாசனின் இரண்டு விரலை வெட்டியது. மூன்றே வாக்கியமாகப் பிரித்து, நிறுத்தி நிதானமாக, சிரித்த முகத்தோடு சொன்னேன்.

ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த மொழியில் இதுவரை நான் பொய்யைத் தவிர என்ன சொல்லியிருக்கிறேன்? சாலைச் சந்தைக் கமிஷன் கடையில் வாங்கின அன்னாசியை என் சொந்தத் தோட்டம் என்பேன், நேற்றைய பப்பாளியை இப்போதுதான் பறித்தது என்பேன். இங்கிலீஷில் சொன்னால் சொன்னதாகவே ஆகாது என்று மனசு பழகிக் கிடந்தது. பிரிஜித்துக்குத்தான் ஒரு மண்ணும் புரியாதே என்றும் நினைத்தேன். இது ஒரு பாதி. மறு பாதியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நட்சத்திரம் வேண்டியிருந்தது.

டீச்சருக்கு நம் வீட்டு ஆட்கள் பேர் தெரியாது. "ஒரு தப்பு இல்ல!" என்று கைதட்டினாள். அவள் தட்டினதைப் பார்த்து, பாதி புரிந்தும் புரியாமலும் மற்றவர்களும் தட்டினார்கள். எனக்கும் முகமெல்லாம் பல். தட்டுகிற சத்தம் ஓய்ந்த பிறகுதான் பிரிஜித் எழுந்து நிற்பதைப் பார்த்தேன்.

"விச் ஹேண்ட்?" என்று கேட்டாள்.

எந்தக் கை என்று. தெளிவாக, இங்கிலீஷில். எஸ் தவிர அவள் வாயில் அந்த மொழி வந்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தே கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் இல்லை. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது.

மறுநாள் மீன்குழம்பு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினாள். "சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லல டீ. இருவத்துமூணு நாளு என்கூட உக்காந்து தின்னியே, எப்படிடீ இறங்கிச்சு உனக்கு? நர்ஸம்மான்னு சொல்லிச் சிரிச்சியே. நானும் கூடச் சிரிச்சேனே டீ." குழம்புச் சட்டியை வாங்கவில்லை. திரும்ப எடுத்துவந்தேன். அன்று பூனைக்கு நல்ல சாப்பாடு.

நீங்கள் சொல்லாதே என்றீர்கள், அண்ணன் சொல்லாதே என்றார், நானும் கெட்டிக்காரி மாதிரி சொல்லாமல் இருந்தேன். மூன்று பேரும் சேர்ந்துதான் அவளை ஏமாளி ஆக்கினோம். ஆனால் அவள் எதிரே உட்கார்ந்து சிரித்தவள் நான்.

கிளாஸை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. இப்போது என் பக்கத்தில் இல்லை, முன் பெஞ்சில் உட்காருகிறாள். தினமும் அவள் முறை வந்ததும் எழுந்து ஒரே வாக்கியம்தான். நேற்றுக் கடிதம் வரவில்லை. அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுகிறாள். அது தப்பும் தவறுமான இங்கிலீஷ்தான், எனக்கே தெரிகிறது. டீச்சர் திருத்துவதில்லை. மூன்று வாக்கியம் கேட்பதும் இல்லை.

டீச்சர் பரீட்சை மாதிரி எல்லோரையும் கேட்டுப் பழக்குகிறாள். பிரிஜித் பேர் சொல்லுகிறாள், பிள்ளைகள் கணக்கு சொல்லுகிறாள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டதும் வாயைப் பூட்டிக்கொள்கிறாள். படகில் வேலை செய்கிறார் என்று சொல்வதா, செய்தார் என்று சொல்வதா? அவளுக்கு நாம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம்? மார்ச் நாலாம் தேதி ஆபீஸ்காரன் முன்னால் அப்படி நின்றால் அட்டை போச்சு. பதினாறு வருஷக் கூடை போச்சு. என் ஒருத்திக்கு அட்டை கிடைத்து, அந்த மணலில் நான் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். யாரைக் கேலி பண்ணுவேன்? ஹாலில் நான் இப்போது மூன்று அன்னாசி வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். உடம்பு சரியில்லையா சேச்சி என்று கேட்கிறார்கள்.

என் பேருக்கு நேரே நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. அன்றைய கலவரத்தில் டீச்சர் எப்போது போட்டாளோ தெரியாது. யாரும் அழிக்கவில்லை. அழிக்க எழுந்து போகவும் எனக்குக் கால் வரவில்லை.

இந்தக் கடிதம் உங்களுக்கு வரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். அதனால் இன்றைக்கே அண்ணனிடம் போங்கள். நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டட்டும், நான் எதிரில் இல்லையே, என் பங்கையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். அவர் திட்டி முடித்ததும் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். எந்தக் கை, எந்த விரல், வேலை இருக்கிறதா இல்லையா, அதை அவரே எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், மேலே ஏறுகிற அந்த வரியை அவள் இனி நம்பமாட்டாள். எந்தக் கை என்று கேட்டாளே தவிர, அது அவளுக்குத் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எழுத்து மாறினதைப் பார்த்தவள், எழுதுகிற கைக்குத்தான் ஏதோ என்று ரவிக்கைக்குள் மடித்து வைத்த அன்றே சந்தேகப்பட்டிருப்பாள். ஆகவே எழுதிப் பழகாத கையாலேயே எழுதட்டும். ஒரு வரி போதும். நண்டு நடந்த மணல் மாதிரி இருந்தாலும் அவள் படித்துவிடுவாள்.

பிறகு நீங்கள். கயிறு ஓடும்போது சிரித்துப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். இதைப் படித்து முடித்ததும் உங்கள் பத்து விரலையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், எனக்காக. என்னிடம் ஒளிப்பதற்கு அங்கே ஏதாவது இருந்தால் ஒளிக்காதீர்கள். இவள் வாயில் எதுவும் நிற்காது என்று நினைத்தாலும் பரவாயில்லை. இனிமேல் தபால்காரர் வந்தால் நான் உறையைப் பிரிப்பதற்கு முன்னால் விலாசத்தைத்தான் பார்ப்பேன். வரி மேலே ஏறட்டும், இடம் போதாமல் என் பேர் உறை ஓரத்தில் பாதி மடங்கிப் போகட்டும். அதை எழுதினது நீங்களாக இருக்கவேண்டும்.

மாதா உங்கள் இரண்டு பேர் கையிலும் தன் கையை வைக்கட்டும்.

உங்கள்,
மெற்றில்டா