அந்தக் குரல் உன்னுடையதுதான் என்று எழுதிக் கொடு

புக்கிட் பாத்தோக்
ஞாயிற்றுக்கிழமை

என் மகள் ருக்ஸானாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஸைஃபும் அந்தக் கால்கரிக் குளிரில் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். இங்கே வாப்பாவுக்கு உடம்பு பரவாயில்லை, வலது கை இன்னும் தூக்க வரவில்லை, இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகிவிட்டார், பேச்சுத்தான் குழறுகிறது. நம் புளோக்கில் மின்தூக்கியை மாற்றுகிறார்கள், அவரைச் சக்கர நாற்காலியில் கீழே இறக்க அடுத்த மின்தூக்கிக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஸைஃபுக்கு இருமல் என்றாயே, ஈரத்தலையோடு வெளியே விடாதே. என்னைப் பற்றி மட்டும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை மகளே. மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் நின்றுவிடும். அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து ஈமெயிலில் அனுப்புகிறேன். கூடவே இரண்டு பத்திரம் வரும். இதை முடித்துவிட்டு அவற்றைத் திற.

மூன்று வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை எனக்குக் கடைசிப் பரீட்சை. ஆமாம், பி.ஏ. ஆங்கிலத்தின் கடைசித் தாள். நான் படிப்பது உனக்குத் தெரியும், பரீட்சை எந்த நாள் என்று உன்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. முடிவதற்கு முன்னால் ஒரு காரியத்தை வெளியே சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். வாப்பாவிடம் மட்டும் சொல்லி, மூச்சு விடாதீங்க என்றேன். ஆன்லைன் பரீட்சை எப்படி என்று உனக்குத் தெரியும், மூன்று மணி நேரமும் கேமராவும் மைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும், அறையில் வேறு ஆள் கூடாது, பேச்சுச் சத்தம் கூடாது, கண் திரையை விட்டு நகரக் கூடாது. காலை பத்து மணிக்கு வாப்பாவை ஹாலில் உட்கார வைத்து, மருந்து கொடுத்து, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். இரண்டு கேள்வி முடித்தேன். அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.

சனிக்கிழமை காலையில் நான் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருப்பேன் என்று உனக்குக் கணக்கு. அந்த நேரம் பார்த்துத்தான் வாப்பாவிடம் மனம்விட்டுப் பேசுவாய் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. உம்மா தேக்காவுக்குப் போயிட்டாங்களா என்று நீ கேட்டாய், அந்த மனுஷன் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக ம்ம் என்றார். போனைக் காதில் பிடிக்கக் கை வராது, எப்போதும் ஸ்பீக்கர்தான். நம் வீட்டுக் கதவு என்ன கோட்டைக் கதவா? நீ சொன்னது முழுவதும் கேட்டது. "உம்மாவுக்கு இங்கிலீஷ் வராது லா வாப்பா. லாஸ்ட் எஸ்ஸே படிச்சேன், ஒவ்வொரு ஆன்சரும் சின்னப் புள்ள எழுதுன மாதிரி இருக்கு. நான் சொன்னா கோபப்படுவாங்க, நீங்கதான் ஸ்டாப் பண்ணச் சொல்லணும். இந்த வயசுல டிகிரி வாங்கி என்ன பண்ணப் போறாங்க? உங்களுக்கு நேரத்துக்கு மருந்து குடுக்கக்கூட அவங்களுக்கு டைம் இல்ல." இப்படி ஆறு நிமிடம். கடைசியில் வாப்பா, சரிம்மா, சொல்றேன் என்றார்.

எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன் ருக்ஸானா. பெற்ற மகள் தன்னைப் பற்றிப் பேசும்போது எந்தத் தாய்க்குத் திரையில் கண் நிற்கும்? நீ போனை வைத்த பிறகு திரைப் பக்கம் திரும்பினேன், மிச்சமிருந்த ஒரு கேள்விக்குக் கண்ணெடுக்காமல் எழுதினேன். எல்லாம் கேமராவில் இருக்கிறது. பத்து நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பரீட்சை நேரத்தில் வேறொருவர் குரல் கேட்டதாம், எஸ்ஸே, ஆன்சர் என்ற வார்த்தைகள் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றனவாம், மாணவி எழுதாமல் ஆறு நிமிடம் உற்றுக் கேட்டாராம், குரல் நின்றதும் வேகமாக எழுதினாராம். யாரோ விடை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஒலிப்பதிவை எனக்கே அனுப்பி, இதில் என்ன பேசப்படுகிறது என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடு, பேசியவரின் கையெழுத்தோடு ஒப்புதலும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். இல்லாவிட்டால் தாள் செல்லாது, இரண்டு வருஷத்துக்கு மறுபடி சேரவும் முடியாது. எனக்கு இப்போதே ஐம்பத்தெட்டு.

எதிர்வீட்டு ரஷீதாவிடம் அழுதேன். டிவி ஓடுச்சுன்னு சொல்லிடு லா, யாருக்குத் தெரியும் என்றாள். ஆசையாகத்தான் இருந்தது, உன் பெயரும் வெளியே வராது. ஆனால் பதிவில் நீ உம்மா, வாப்பா என்று கூப்பிடுகிறாய், எந்த டிவியில் என் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள்? பிறகு நானே ஒரு கள்ளத்தனம் செய்தேன். முதல் மொழிபெயர்ப்பில், மகள் தகப்பனாரின் உடல்நலம் விசாரிக்கிறாள், தாயின் படிப்பைப் பாராட்டுகிறாள் என்று அழகாக எழுதினேன். கல்லூரியில் இதை விசாரிக்கிற மூன்று அந்நிய மனுஷர் முன்னால் உன்னைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. தமிழ் தெரிந்தவர் ஒருவரை வைத்துச் சரிபார்ப்போம் என்று கல்லூரிக் கடிதத்தின் அடியில் போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டு, பதிவை ஓட விட்டு ஓட விட்டு, நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் என் கையால் ஆங்கிலத்தில் எழுதினேன். இருபது தடவையாவது கேட்டிருப்பேன். முதல் தடவை வலித்ததைவிடப் பத்தாவது தடவை அதிகமாக வலித்தது. மருந்து விஷயம் மட்டும் அநியாயம், ருக்ஸானா. வாப்பாவுக்கு ஒரு வேளைகூட நான் தவற விட்டதில்லை. இருந்தாலும் அதையும் எழுதினேன், நீ சொன்னாய் அல்லவா.

வாப்பாவிடம் ஏன் சரி என்றீர்கள் என்று கேட்டேன். புள்ள மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன் என்று குழறிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அவர்மேல் கோபமில்லை. சத்தியமாக உன்மேலும் கோபத்தில் எழுதவில்லை, கோபமெல்லாம் அந்தக் கடைசிக் கேள்வியிலேயே தீர்ந்துபோனது. இப்போது இருப்பது பயம்தான். நீ சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற பயம். பட்டம் வாங்கி வேலைக்கு வருகிற பிள்ளைகளைத் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் கோப்பு அடுக்கிக்கொண்டே இருபது வருஷம் ஏக்கத்தோடு பார்த்தவள் நான், எனக்கு வருமா வராதா என்று எனக்கே தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் அந்தத் தாளைத் திருத்துகிறவர். அவர் அதைப் படித்தாக வேண்டும். படித்துவிட்டுப் பெயில் போட்டால் போடட்டும், அது என் பெயில், தலைகுனிந்து வாங்கிக்கொள்வேன். படிக்காமலே குப்பையில் போட்டுவிட்டால் நீ சொன்னதுதான் சரி என்று நானே நம்பிக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும். அது என்னால் முடியாது. உன் காலைப் பிடிக்கிற நிலையில் இருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று உடனே போனை எடுக்காதே. முதலில் வேலையைச் செய், அழுகையெல்லாம் வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம், அது உன் இஷ்டம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த ஈமானையும் கொடுப்பானாக, ஸைஃபை ஸாலிஹான பிள்ளையாக வளர்த்துத் தருவானாக, உன் வயதான காலத்தில் உன் பிள்ளை வாயிலிருந்து நல்ல வார்த்தையே உன் காதில் விழட்டும். ஆமீன்.

மறக்காதே, உங்கள் ஊர்க் கணக்கில் புதன்கிழமையே அனுப்பிவிட வேண்டும், பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துவிடு. முதல் பத்திரம் உன் ஒப்புதல், அந்தக் குரல் உன்னுடையதுதான் என்று. இரண்டாவது என் மொழிபெயர்ப்பு, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் உன் கையெழுத்து வேண்டும். நீ சொல்லாத வார்த்தை ஏதாவது அதில் இருந்தால் அடித்துவிடு. சொன்னதாக இருந்தால் அப்படியே விட்டுவிடு. என் இங்கிலீஷை மட்டும் திருத்தாதே.

இப்படிக்கு,
உன் உம்மா,
நூருன்னிசா காதர் மைதீன்